பென்சிக் கடை மாடியில் கற்பனை

மெய்யியல் படிப்பிக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு, நாம் சொன்னது பிழை என்று சண்டைக்கு வர எவரும் இல்லை. ஒரு கஷ்டமும் உண்டு, வகுப்புக்கு வரவும் எவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் சோறு உண்ட மயக்கத்தில் இருக்கும் வளர்ந்த மனிதர்கள் முன்னால் நின்று, கண்ணுக்குத் தெரியாத விஷயங்களை விளக்கி வயிறு வளர்க்கும் என் சக ஆசிரியர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் சிரித்த பிறகு ஒரு பெருமூச்சும் விடுவீர்கள்.

கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட ஒரு பென்சிக் கடை. அதன் மாடி அறையில்தான் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிறவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். கீழே பாசிமணி, பிளாஸ்டிக் பூ, பரிசுக் கடதாசி, மினுங்கும் லைட் மாலை. மேலே ஆன்மா, சாராம்சம், தோற்றம், உண்மை. இரண்டையுமே சனங்கள் யோசித்து யோசித்துத்தான் வாங்குவார்கள். கீழே உள்ளதையாவது கடைசியில் வாங்குவார்கள்.

கடை முதலாளி திகனயிலிருந்து வரும் நஸீர் ஹாஜியார். நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. இந்த வருடம் அவர் ஒரு நாள் மெதுவாக மேலே ஏறி வந்து, பண்டிகைக் காலச் சரக்கு வைக்க மாடி தேவைப்படுகிறது என்றார். பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான், அதுவரைக்கும் விடுங்கள் என்று கெஞ்சினேன். மேலே நடக்கிற படிப்பால் யாருக்காவது ஏதாவது பிரயோசனம் இருக்கிறது என்று காட்டினால் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அப்போது நாங்கள் தொடங்கியிருந்த பாடம், 'கற்பனை: கிரேக்க சிந்தனையிலும் பிற்கால இலக்கியத்திலும்'. பிரயோசனம் காட்ட இதைவிட மோசமான பாடம் கிடைக்காது.

பலகையில் இடம் போதவில்லை

ஆள் கூடினால் அறை தப்பும் என்று நினைத்து, படிக்கட்டின் அடியில் ஒரு பலகை மாட்டினேன். கடுகண்ணாவையில் பலகை எழுதுகிறவர் பாடத்தின் முழுப் பெயரையும் வாங்கிக்கொண்டார். எழுத்தைப் பெரிதாகத் தொடங்கியதால் பாடப் பெயரில் முதல் சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. 'கற்பனை வகுப்பு, ஞாயிறு பி.ப. 2 மணி' என்று மட்டும் எழுதித் தந்தார். அதுவே போதும், கவர்ச்சியாக இருக்கிறது என்று எனக்கும் தோன்றியது.

அந்த ஞாயிறே ஓர் அம்மா வந்தார். மகளைப் புதுநன்மைக்கு, அதாவது கோயிலில் முதல் நற்கருணை வாங்க, ஆயத்தப்படுத்த வேண்டுமாம், பத்துக் கற்பனைகளும் பாடமாக வேண்டுமாம், கட்டணம் எப்படி என்று கேட்டார். கத்தோலிக்கக் கோயிலில் கடவுளின் கட்டளையைக் கற்பனை என்று சொல்வார்கள் என்பது என் சைவ மூளைக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. இது வேறு கற்பனை, இல்லாத ஒன்றை இருப்பதுபோல மனசுக்குள்ளே காண்பது, அதைப் பற்றித்தான் இங்கே படிக்கிறோம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"அதுக்கு எதுக்குங்க மிஸ் வகுப்பு? எங்க வீட்டுக்காரரு எங்கயும் போகாமலே அத நல்லா பண்றாரு."

ஆறாவது

என்னிடம் படிப்பவர்களில் ஸ்டெல்லா ஹேவாஹெட்டத் தோட்டப் பாடசாலை ஒன்றில் உதவி ஆசிரியை. ஞாயிறு காலை பூசை முடிந்ததும் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பாள். பிறகு மலையெல்லாம் சுற்றி இறங்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, என் வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள். பட்டம் கிடைத்தால்தான் அவளுக்கு நிரந்தர நியமனம். இந்த அறை போனால் கொழும்புக்குப் போய்ப் படிக்க அவளுக்கு வழியில்லை.

அவளை எழுப்புவதற்காக ஒரு நாள் சட்டென்று கேட்டேன், ஸ்டெல்லா, கற்பனையில் எத்தனை வகை என்று. தூக்கத்திலிருந்து எழும்பியவள் ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை.

"பத்து மிஸ். அதுல ஆறாவததான், மோகபாவம் செய்யாதேங்குறத, புள்ளைங்களுக்கு வெளக்க கூச்சமா இருக்கு."

மூன்று கதிரை

இந்தப் பாடத்தில் வரும் கிரேக்கர்களின் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். பரீட்சை எழுதிய எவருக்கும் அந்தப் பெயர்களைக் கண்டால் காய்ச்சல் வரும். குரு, சிஷ்யர் என்று வைத்துக்கொள்வோம். குருவுக்குக் கற்பனைக்காரர்களைக் கண்டாலே ஆகாது. அவர் சொன்ன உதாரணம் கட்டில். கட்டில் என்றதும் பின் வரிசையில் ஒரு சிரிப்பு ஓடும் என்பதால் நான் அதைக் கதிரை ஆக்கிவிட்டேன். முதலாவது, அழிவில்லாத உண்மைக் கதிரை, அது அறிவுக்கு மட்டும்தான் எட்டும். இரண்டாவது, தச்சன் அதைப் பார்த்துச் செய்த கதிரை. மூன்றாவது, அதைப் பார்த்து ஓவியன் வரைந்த கதிரை. ஆகவே கலைஞன் உண்மைக்கு மூன்றாம் இடத்தில் நிற்பவன், நகரத்தை விட்டு அனுப்பிவிடலாம் என்பது குருவின் கட்சி.

இதை வெண்பலகையில் கால், முதுகு எல்லாம் வைத்து வரைந்துகொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெரிய சத்தம் கேட்டது. வங்கியில் வேலை செய்யும் குகன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொஞ்சம் கனமான பிள்ளை, இரண்டாம் இடத்துப் பிளாஸ்டிக் கதிரையின் நான்கு காலும் நான்கு திசைக்குப் போக, நிலத்தில் இருந்தான். கூரை விழுந்துவிட்டது என்று நினைத்து ஹாஜியார் கீழிருந்து ஓடி வந்தார். உடைந்த கதிரையையும் பலகையில் நான் வரைந்த கதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கில், அறை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். குகன் மட்டும் கலங்காமல் தூசியைத் தட்டினான்.

"மிஸ், அந்த முதலாவது கதிரையைத் தாங்கோ. நான் அதிலயே இருக்கிறன்."

ஓரடிச் சூரியன்

சிஷ்யர் குருவைவிட நிதானமானவர். கற்பனை வேறு, நம்பிக்கை வேறு என்றார். சூரியன் உலகத்தைவிடப் பெரியது என்று நம்புகிறோம், ஆனாலும் பார்த்தால் ஓரடி அகலம்தான் தெரிகிறது, எவ்வளவு படித்தாலும் அது பெரிதாகித் தெரியப் போவதில்லை. அருமையான உதாரணம். காட்டலாம் என்று ஜன்னலைத் திறந்தேன். எங்கள் ஜன்னல் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். சரி, எல்லோரும் கண்ணை மூடிச் சூரியனை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பகல் இரண்டரை மணிக்குக் கண்ணை மூடச் சொல்வது ஆசிரியர் செய்யக் கூடாத காரியம். இரண்டு பேர் அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. ஸ்டெல்லாதான் நேர்மையாகக் கையை உயர்த்தினாள்.

"மிஸ், எங்க ஹேவாஹெட்ட பக்கம் இந்த மாசம் முழுக்க பனிமூட்டம், சூரியனே தோணல. அப்ப அதுக்கு எத்தன அடின்னு எழுதுறது?"

வகுப்புக்குப் போன பழம்

இவர்களுக்குப் பின்னால் வந்த ஒரு கூட்டம், தோற்றத்தைப் பார்த்தவுடனே தலையாட்டிவிடக் கூடாது, சோதித்துத்தான் சம்மதிக்க வேண்டும் என்று வாதாடியது. அந்தக் கூட்டத்து அறிஞர் ஒருவருக்கு அரசன் ஒரு நாள் மெழுகில் செய்த மாதுளம்பழத்தை நீட்டினானாம். அவர் ஆசையோடு கையை நீட்ட, அகப்பட்டீர் என்று அரசன் சிரித்தானாம். நான் அது பழம் என்று சம்மதிக்கவில்லை, பழமாக இருப்பது நியாயம் என்றுதான் சம்மதித்தேன் என்று அறிஞர் சமாளித்தாராம். மாட்டுப்பட்ட பிறகும் மீசையில் மண் ஒட்டாத மனிதர் என்பதால் எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

இதை நடித்துக் காட்டினால் பதியும் என்று ஹாஜியாரின் கடையிலிருந்து ஒரு தட்டு நிறையப் பிளாஸ்டிக் பழம் இரவல் வாங்கினேன். சோதனை சோதனையாக இருக்கட்டும் என்று, ஸ்டெல்லா பகலுக்குக் கொண்டு வந்திருந்த நிஜ அப்பிளையும் அதற்குள் வைத்தேன். எது நிஜம் என்று கண்டுபிடிக்கச் சொன்னதும் குகன் துணிந்து ஒரு பிளாஸ்டிக் அப்பிளைக் கடித்தான். பல் அடையாளம் விழுந்த பழத்தைத் திருப்பிக் கொடுக்க வெட்கப்பட்டு என் பைக்குள் போட்டேன். அந்தப் பரபரப்பில் ஸ்டெல்லாவின் அப்பிளை எல்லோரும் மறந்துவிட்டோம். தட்டு அப்படியே கீழே போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து ஹாஜியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடி அலுமாரியின் நடுவில் எறும்பு வரிசை. பழக்கூடையைச் சுட்டிக்காட்டினார். வாழ்நாள் முழுவதும் பிளாஸ்டிக் பழம் விற்ற மனிதர், இப்படியொன்றை அவர் கண்டதே இல்லை.

"டீச்சர், என்ட பிளாஸ்டிக் அப்பிள் ஒங்கட வகுப்புக்குப் போய் வந்து அழுகிப் போயீக்கி."

கி.மு.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று கடித்த அப்பிளையும் எடுத்துக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மாதக் கடைசியில் அறையைத் தந்துவிடுங்கள் என்றார். படிக்கட்டில் நின்ற ஸ்டெல்லாவுக்கு இது கேட்டுவிட்டது. அவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவேன்.

ஹாஜியார், உங்கள் கடைப் பலகையில் இருக்கிற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டேன். கிரேக்கர்கள் கற்பனைக்கு வைத்த பெயர் பன்டாசியா. வெளிச்சம் என்கிற சொல்லிலிருந்து அது வந்தது என்று சிஷ்யர் சொல்கிறார், வெளிச்சம் இல்லாமல் எதையும் பார்க்க முடியாது அல்லவா. பின்னால் வந்தவர்கள் கேட்கிறவன் கண் முன்னே காட்சி எழும்படி பேசுவதற்கும் எழுதுவதற்கும் அதே சொல்லைச் சொன்னார்கள். அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்கு வந்து, தேய்ந்து 'ஃபேன்சி' ஆகி, நம் வாயில் பென்சி ஆனது. ஆங்கிலக் கவிஞர்கள் சிலர் பெரிய கற்பனைக்கு வேறு சொல்லை வைத்துக்கொண்டு, இதைச் சும்மா ஒட்டு வேலை என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்ட சொல் கப்பலேறி வந்து உங்கள் வாசலில் தொங்குகிறது. நான் மேலே படிப்பிப்பதும் நீங்கள் கீழே விற்பதும் ஒரே சாமான்தான். மூச்சு வாங்க நிறுத்தினேன்.

ஹாஜியார் மினுங்கிக்கொண்டிருந்த லைட் மாலைகளைப் பார்த்தார். எதிர்ப்பக்கக் கடைப் பலகையையும் பார்த்தார். அந்தக் கடைக்காரர், தாத்தா காலத்துக் கடை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவர். இவர் தாடியைத் தடவினார்.

"அப்ப டீச்சர், என்ட கடை அவர்ட கடையை விடப் பழசு எண்டு போர்ட்ல போடலாமா?"

புதுப் பலகை

போட்டார். கடுகண்ணாவைக்காரரையே கூப்பிட்டு, இந்த முறை பலகையை நீளமாக வாங்கிப் போட்டார். கடைப் பெயருக்குக் கீழே 'ஸ்தாபிதம்: கி.மு.' என்று எழுதியிருந்தது. முன்பு 'பென்சிப் பொருட்கள்' என்று இருந்த இடத்தில், என் பாடத்துக்கு மரியாதையாக, 'சகலவிதமான கற்பனைப் பொருட்களும் கிடைக்கும்' என்று வந்துவிட்டது. மாதக் கடைசியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை விட்டு வந்த ஆட்கள் பலகையைப் பார்த்து உள்ளே நுழைந்தார்கள். கேட்டதெல்லாம் பத்துக் கற்பனை எழுதிய படம். ஹாஜியார் திகைத்து மேலே ஆளனுப்ப, ஸ்டெல்லா இறங்கிப் போய் விளக்கினாள். மூஸா நபிக்கு வந்த கட்டளைதானே, விற்பதில் என்ன என்று ஹாஜியார் கேட்டுவிட்டு, பத்தையும் அவளையே அழகாக எழுதித் தரச் சொன்னார். அச்சடித்து, பிளாஸ்டிக் பூ வைத்து, கண்ணாடியும் சட்டமும் போட்டு மாட்டினார். கூட்டம் கூடியது. புதுநன்மைக்கு வழி கேட்டு வந்த அந்த அம்மாவும் இரண்டு வாங்கினார். ஒன்று மகளுக்கு, மற்றது வீட்டுக்காரரின் கண்ணில் படும் இடத்தில் மாட்டுவதற்கு.

படங்கள் அடுக்க மாடிதான் இடம். ஆனாலும் எங்களை அனுப்பவில்லை. எழுதுகிற பிள்ளை மேலே அல்லவா இருக்கிறது. மூன்று சுவரிலும் பத்துக் கற்பனை அடுக்கியிருக்க, நடுவில் இருந்து கிரேக்கக் கற்பனை படித்தார்கள். பரீட்சைக்கும் அங்கிருந்தே போனார்கள். ஸ்டெல்லாவுக்கு நல்ல புள்ளிகளோடு திறமைச் சித்தி. முடிவு வந்த அன்று அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், நானும் வெட்கமில்லாமல் அழுதேன். ஹாஜியார் எல்லோருக்கும் பலூடா வாங்கி அனுப்பினார். குகனுக்கு மட்டும் புதுக் கதிரை ஒன்றும் வந்தது, மரக் கதிரை. நன்றி சொல்லக் கீழே போனேன். அவர் எனக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"டீச்சர், கவலைப்படாதீங்க. ஒங்கட கிரேக்கன்ட கற்பனையை ஒத்தரும் கேக்கல்ல, ஆனா ஸ்டெல்லா புள்ளட பத்தும் நல்லா ஓடுது. மாடி ஒங்களுக்குத்தான்."

கற்பனை என்றால் என்ன என்று இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகப் பெரிய பெரிய மூளைகள் அடிபட்டதற்குக் கண்டியில் கிடைத்த தீர்ப்பு இதுதான்: சும்மா கொடுத்தால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள், சட்டம் போட்டுக் கொடுத்தால் சுவரில் மாட்டுவார்கள்.