சேடில் பீக்கை வரைந்த மழைக்காலம்

சர்க்கரை நோய் கண்ணைத் தாக்கியிருக்கிறது என்று போர்ட் பிளேரில் டாக்டர் சொன்னபோது என் மனைவிக்குப் பாதிப் பார்வை போயிருந்தது. மெயின்லேண்டுக்குப் போய் லேசர் சிகிச்சையும் செய்தோம். மிச்சமும் கொஞ்ச நாளில் போய்விடும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வட அந்தமானில், திக்லிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நின்றால் சேடில் பீக் மலை தெரியும். மலைமேல் மேகம் இறங்கினால் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடுவாள். இருபது வருடப் பழக்கம். ஊர் திரும்பிய அன்று அங்கே நின்று, "மலையக் காணோங்க" என்றாள். எதிரே மலை தெளிவாகத்தான் இருந்தது.

ஆபீஸ் வேலை போக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் படம் வரைவேன். பக்கத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி மலையை வரைந்து தருகிறேன் என்றேன்.

"கேலண்டர் படம் மாதிரி பனி, ஆறெல்லாம் வேணாம். நம்ம மலை எப்படியோ அப்படியே போடுங்க."

எங்கள் ஊர் ஈரத்தில் எண்ணெய் வண்ணம் ஒரு பூச்சு காயவே பத்து நாளாகும். அவசரப்பட்டு மேலே பூசினால் பச்சை சேறாகிவிடும். அடிவாரத்துக் கரும்பச்சை எளிதாக வந்தது. உச்சியில் மேகத்தோடு கலக்கும் அந்தச் சாம்பல் நீலத்துக்குத்தான் வாரக்கணக்கில் மல்லுக்கட்டினேன். ஒருவழியாக அமைந்ததும் கொண்டுபோய்க் காட்டினேன். முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தாள்.

"எதுங்க மலை? எல்லாம் மேகமாத்தான் இருக்கு."

உச்சியைக் கருநீலமாக்கினேன். தெரியவில்லை. விளிம்பில் கறுப்புக் கோடு இழுத்து, வானத்தை வெள்ளையாக அடித்தேன்.

"இப்பத் தெரியுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இது நம்ம மலை இல்லியே."

"அப்ப எப்படித்தான் வரையச் சொல்ற?" என்று கத்திவிட்டேன்.

"பஸ், ரஹ்னே தோ" என்றாள். போதும், விடு என்று பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவிடம் பேச்சை முடிக்க அவள் சொல்கிற இந்தி. என்னிடம் அதுவரை சொன்னதில்லை.

மறுநாள் டர்பன்டைன் தொட்டுக் கறுப்பைத் துடைத்தேன். பழைய சாம்பலைத் திரும்பக் கொண்டுவருவதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. அப்போது அவள் ஜன்னல் எந்தப் பக்கம் என்பதைக் காற்றை வைத்துத்தான் சொன்னாள்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"அப்படியே இருக்கா?"

"அப்படியே இருக்கு."

பொய் இல்லை. நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். அவள் தலையசைத்துவிட்டு, விரலால் தடவித் தடவி அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.