கெட்டதைச் சொல்லும் வேலை

போன வியாழக்கிழமை எங்கள் யூனிட்டில் ஒரு மீட்டிங். நடத்தியது நான். 

சின்னாளபட்டி ரோட்டில் நைட்டி தைக்கும் யூனிட் எங்களுடையது. நான் அங்கே ஹெச்.ஆர். எங்களிடம் சரக்கு எடுக்கும் பெங்களூர் கம்பெனி, 'தொழிலாளர் பாதுகாப்புக்கு என்ன ஏற்பாடு?' என்று கேட்டிருந்தது. மேனேஜர் செல்வம் சார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைக் கைகாட்டினார்.

"நீங்கதான் எதுக்கெடுத்தாலும் பயப்படுவீங்களே மேடம்!"

உண்மைதான். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். ரெண்டு வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினால், கேஸை மூடினோமா, பாத்ரூம் வாளியில் தண்ணீர் கிடக்கிறதா... பாதி வழியிலேயே போன் போட்டுவிடுவேன். "இத்தனை நாள் சும்மா பார்த்த வேலைக்கு இனிமே சம்பளம்" என்று சிரித்தார் கணவர்.

ஆனால், வீட்டுக்குள் பயப்படுவது வேறு. அதை நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்வது வேறு.

பாதுகாப்புத் திட்டத்தின் முதல் வேலையே அதுதான். ஒவ்வொரு மெஷினாக எடுத்துக்கொண்டு 'இதனால் என்ன நடக்கலாம்?' என்று யோசிக்க வேண்டும். மீட்டிங்கில் தொழிலாளர்களிடம் கேட்டேன்.

"ஒண்ணும் நடக்காது மேடம்."

அயர்ன் டேபிள்? "மாரியாத்தா பாத்துக்குவா." கட்டிங் மெஷின்? "நல்ல வார்த்தையாப் பேசுவோமே..."

கெட்டதைச் சொன்னால் நடந்துவிடும் — நம்மில் யாருக்கு இந்தப் பயம் இல்லை? எனக்கும் உண்டு.

சரக்கு லிஃப்டுக்கு வந்தோம். கீழிருந்து மாடிக்குத் துணி பேல், அதாவது பெரிய துணிப் பொதி, ஏற்றும் கூண்டு அது. 'ஆட்கள் ஏறக் கூடாது' என்று போர்டு இருக்கிறது. அந்த போர்டுக்கு அடியில் நின்றுதான் லோடு ஏற்றும் பாண்டி தினமும் பேலோடு பேலாக ஏறிப்போவான். கூண்டைத் தூக்கும் இரும்பு ரோப்பில் சில இழைகள் அறுந்து, முள்முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருந்தேன்.

"ரோப் அறுந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"யம்மா தாயி!"

பேச்சியம்மாள் அக்கா எழுந்துவிட்டார். கட்டிங் செக்‌ஷனில் மூத்தவர். பாண்டியின் அம்மா.

"முகூர்த்தக்கால் ஊண்டியாச்சு. அடுத்த வாரம் எம்மவனுக்குக் கல்யாணம். பிள்ள பெத்தவதானே நீயும்? அந்தப் பேச்ச இதோட விடு."

விட்டுவிட்டேன். செல்வம் சாரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். "இந்த ஆர்டர் போகட்டும் மேடம், மாத்திருவோம்" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசனை. நான் ஓவராகப் பயப்படுகிறேனா? என் மகளைப் பற்றி யாராவது அப்படி ஆரம்பித்தால் நான் சும்மா இருப்பேனா? மாட்டேன். சண்டைக்கே போயிருப்பேன். ஆனால்... அந்த ரோப்?

மறுநாள் காலை நான் உள்ளே நுழையும்போதே லோடு வந்திருந்தது. பேல்களுக்கு நடுவே, கூண்டுக்குள் பாண்டி. கிரில் கதவைச் சாத்தக் கை நீட்டுகிறான். சாத்தினால்தான் லிஃப்ட் நகரும்.

ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"கைய எடுங்க மேடம். லாரிக்காரரு கத்துறாரு."

"இறங்கு பாண்டி."

"செத்த நேரம் மேடம். இந்த லோடு மட்டும்..."

வாசலில் விடாமல் ஹாரன். "என்ன மேடம், காலங்காத்தால?" என்று செல்வம் சார் வந்தார். என் கை கதவை விடவில்லை. 

சத்தம் கேட்டுப் பேச்சியக்கா வந்து நின்றார். அவரிடம் எந்த வாயால் சொல்வேன்? பேசாமல் மேலே கை காட்டினேன்.

அக்கா அண்ணாந்து ரோப்பைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். மறுபடி ரோப்பைப் பார்த்தார்.

"ஏலே, எறங்கு. முகூர்த்தக்கால் ஊண்டுன மாப்பிள்ள அந்தரத்துல தொங்கக் கூடாது."

என்ன சாமர்த்தியம்! ஒரு கெட்ட வார்த்தை இல்லாமல் மகனை இறக்கிவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. கதவிலிருந்து கையை எடுத்தேன்.

எடுத்திருக்கக் கூடாது.

"அப்ப நான் போறேன். எனக்குத்தான் கல்யாணமாகி ரெண்டு பிள்ளையும் ஆச்சே!"

லோடு இறக்க வந்த முருகேசன் அண்ணன் சட்டென்று கூண்டில் ஏறினார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கதவை இழுத்தார்.

பாண்டியை இறக்கிய சம்பிரதாயம் முருகேசனுக்குப் பொருந்தாதே! இனி வேறு வழியில்லை.

"அண்ணே, ரோப் அறுந்தா செத்துருவீங்க!"

கத்தியே விட்டேன். சிரிப்பு நின்றது. முருகேசன் அண்ணன் அப்படியே நின்றார். பிறகு மெதுவாக, கூண்டு குலுங்காமல், ஒரு காலை எடுத்து வெளியே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை அதுவுமா..." என்று செல்வம் சார் பல்லைக் கடித்தார்.

பேச்சியக்கா நடந்துபோய் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்தார். "சார், ரோப் மாத்துற வரைக்கும் பேலப் பிரிச்சு, கட்டுக் கட்டாப் படியேத்திக்கிறோம்." கேட்கவில்லை, சொன்னார். செல்வம் சார் லாரிப் பக்கம் போனார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். தரையைப் பார்த்துத் 'தூ, தூ, தூ' என்றார்.

"போ தாயி, வாயக் கழுவு."

குழாயடியில் நின்று கழுவினேன். முகத்தையும் சேர்த்து. நிமிர்ந்தால், கல்யாணப் பத்திரிகையோடு அக்கா பின்னாலேயே நிற்கிறார்.

"கல்யாணத்துக்கு வந்துரு. வந்த எடத்துல வாயத் தொறந்துறாத."

சரி என்று தலையாட்டியிருக்கிறேன். பந்தலில் சீரியல் லைட் ஒயரை எப்படிச் சுற்றி வைத்திருப்பார்களோ...