அவித்த விதைநெல்

நெல்லின் இலையில் விழும் குலைநோய்ப் பூஞ்சையை ஆராய்வது என் பிழைப்பு. வயல் வயலாக ஏறி இறங்கி, நோய் கண்ட இலைகளைப் பறித்துக் காகித உறையில் போட்டு வருவேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். "இம்புட்டுப் படிச்சது எல பொறுக்கத்தானா?" என்று அண்ணி கிண்டலடிப்பார்.

அண்ணன் கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். அவர் கைராசிக்காரர் என்று ஊரில் பேச்சு. ஆடிக் கடைசியில் ஆளாளுக்குச் சாக்கோடு வந்து அவர் கையால் விதைநெல் வாங்கிப் போவார்கள். அறுப்பு முடிந்ததும் அதே அளவு நெல்லைத் திருப்பித் தருவார்கள். வீட்டில் தனியாக விதை எடுத்து வைப்பவர் யாருமில்லை. முன்பு குலைநோய் ஊரை வாட்டியபோது அவர் வைத்திருந்த ரகம் மட்டும் அசையாமல் நின்றது. பிறகு ஊரே அந்த ஒரு ரகத்துக்கு மாறிவிட்டது. அதிலிருந்து அண்ணனின் நடையே மாறிவிட்டதென்று நான் சீண்டுவதுண்டு.

போன மார்கழிப் பனியில், அவர் வயலிலேயே சில இலைகளில் கண் வடிவச் சாம்பல் புள்ளிகளைப் பார்த்தேன். "பனியில கருகியிருக்கும், வுடு" என்றார். நான் விடவில்லை. ஊரில் பல வயல்களில் இலை பறித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துவந்த பெரம்பலூர்ப் பக்கத்து இலைகளில் அந்தப் பூஞ்சை வயலுக்கொரு மரபு வகையாக இருந்தது. எங்கள் ஊர் இலைகள் அத்தனையிலும் ஒரே வகை. அதைப் பல ரக நாற்றுகளின் மேல் தெளித்துப் பார்த்தேன். மற்றவை ஓரிரு புள்ளிகளோடு தப்பின. அண்ணனின் ரகம் கருகிச் சாய்ந்தது. ஊர் முழுக்க ஒரே நெல் என்பதால், அந்த ஒன்றை வெல்லப் பழகிய பூஞ்சைக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

ஆடியில் ஊருக்குப் போய்ச் சொன்னேன்.

"நம்ம நெல்லா? ஊரையே காப்பாத்துன நெல்லு அது."

"அப்ப காப்பாத்துச்சுண்ணே. இப்ப வந்துருக்கற பூஞ்சை வேற. இந்த வருஷமும் எல்லாரும் இதையே வெதச்சா மொத்த ஊரும் போயிடும். ஆளுக்கொரு ரகமா வெதைக்கச் சொல்லுங்க."

"சொன்னா கேப்பாங்களா? என் கையாலதான் வேணும்பாங்க."

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் கொல்லையில் அண்டாவை ஏற்றி, விதைநெல் மொத்தத்தையும் அவிக்கச் சொன்னார். அவித்த நெல் முளைக்காது. யார் கெஞ்சினாலும் இனி கொடுக்க முடியாது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் அழுதுவிட்டேன்.

சாக்கோடு வந்தவர்களிடம் காரணத்தைச் சொல்லிப் பார்த்தோம். யார் காதிலும் ஏறவில்லை. "குடுக்க மனசில்ல, அவிச்சுத் தின்னுட்டாரு" என்று பக்கத்து வயல்காரர் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அவரவர் கிடைத்த இடத்தில் கிடைத்த ரகத்தை வாங்கி விதைத்தார்கள்.

இந்த மார்கழியில் அண்ணன் போன் செய்தார்.

"எல்லார் வயலும் பாத்துட்டேன். எல சுத்தமா இருக்கு. இனிமே வராதுல்ல?"

"பெருசா வராதுண்ணே."

"வரலேன்னா, நான் வீணா அவிச்சேன்னுதான சொல்லுவாங்க?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆமாண்ணே" என்றேன்.



"சொல்லிட்டுப் போறாங்க" என்றார். "அது வராம இருந்தா சரி."