பன்னிரண்டு நூல்களில் ஒன்று

யுத்தத்தின் மூன்றாம் வருஷம், பங்குனி மாதம், என் இடது மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டியைக் கண்டேன். மூன்று மாதத்தில் அது எலுமிச்சம்பழமாயிற்று. பட்டணத்து ஆஸ்பத்திரியில் புற்று என்றார்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கரையான்சாவடி மிஷன் மருந்தகத்தில் கம்பவுண்டர். எனக்கு நிச்சயம் செய்திருந்த வீட்டார் ஒரு தபால் அட்டையில் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். சாகத்தான் போகிறேன் என்று நினைத்தேன்.

ரேடியம் ஊசிகளைக் கட்டியைச் சுற்றிச் செருகி ஏழு நாள் வைத்திருந்தால் கரைய வழி உண்டு என்றார் டாக்டர். ஆனால் அங்கே இருந்தவை பன்னிரண்டே ஊசிகள். அவை முதலில் பக்கத்துக் கட்டில் கன்னியம்மாளுக்கு. அவள் என்னைவிட ஒரு நாள் முந்திச் சேர்ந்தவள்.

அம்பத்தூரில் பயிர் செய்கிற குடும்பம். முப்பத்தைந்து வயதிருக்கும். புகையிலை போட்டுப் போட்டுக் கன்னத்துக்குள் புற்று. சகோதரிகளே, அவள்மேல் எனக்கு வந்த பொறாமையை ஒளிக்காமல் சொல்கிறேன். அவள் புருஷன் தினமும் ரயிலேறி வந்து கஞ்சியை ஆற்றி ஊட்டினான். என்னைப் பார்க்க ஞாயிறு மாலை போதகர் மட்டும் வந்தார். அவள் நோயை அவளே தேடிக்கொண்டாள். நான் என்ன செய்தேன்? நான் மூன்று வேளையும் ஜெபித்தேன். அவளோ ஒரு நாளும் கை கூப்பவில்லை. இப்படி ஒவ்வொன்றாக மனதில் குறித்து வைத்தேன்.

ஊசி ஒவ்வொன்றின் காதிலும் ஒரு நூல் இருக்கும். அது உதட்டோரமாக வெளியே வந்து கன்னத்தில் பிளாஸ்திரியோடு ஒட்டியிருக்கும். காலையும் மாலையும் நர்ஸ் எண்ணுவார். நானும் எண்ணினேன். எண்ணுவது என் தொழில் பழக்கம்.

ஐந்தாம் நாள் காலை நர்ஸ் எண்ணிவிட்டுப் போனார். பிறகு கன்னியம்மாள் எச்சிலில் நனைந்த பஞ்சை எடுத்துக் கொடுத்தாள். ஆயா அதை வாளியில் போட்டாள். பஞ்சிலிருந்து ஒரு நூல் தொங்கியது. அதன் நுனியில் ஏதோ மின்னியது. நான் அவள் கன்னத்தைப் பார்த்து எண்ணினேன். பதினொன்று.

நான் வாய் திறக்கவில்லை.

ஊசி குறைந்த இடத்தில் புற்று கரையாமல் நிற்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சும்மா இருந்தேன். இவளுக்கும் ஒரு குறை வரட்டும் என்று நினைத்தேன். அதே ஊசி இன்னும் மூன்று நாளில் என் உடம்புக்குள் வரவேண்டியது என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நண்பகல் ஜெபத்துக்குக் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, எனக்குச் சுகம் தாரும்." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அங்கேயே நின்றது. பக்கத்துக் கட்டிலில் அவள் வலியில் முனகினாள். வேண்டாவெறுப்பாக, "கன்னியம்மாளுக்கு" என்றேன். ஜெபத்தில் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது. "அந்த ஊசி கிடைக்கட்டும். அவளுக்கே கிடைக்கட்டும்" என்று மன்றாடினேன். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, பார்த்ததையும் மறைத்ததையும் சொன்னேன்.

வாளி காலியாகியிருந்தது. கழிவுப் பஞ்சைப் பின்கட்டுக் குழியில் கொட்டிப் பதினோரு மணிக்கே கொளுத்திவிடுவது வழக்கம். அப்போது மணி பன்னிரண்டரை. நர்ஸும் ஆயாவும் ஓட, நான் பின்னால் ஓடினேன்.

குழி எரியவில்லை. குப்பைக்காரர் ஓரமாகக் குந்தியிருந்தார்.

"இன்னாம்மா பண்றது? நெருப்புப் பெட்டி இல்ல. கடை கடையா கேட்டுகினு வந்தேன், ஒருத்தனாண்டயும் இல்லியாம். சண்டை போடறவனுங்களே அல்லாத்தையும் கொளுத்திட்டானுங்க போல கீது."

ஆயா என் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, படுத்துகினே அல்லாத்தையும் எண்றியே, அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

இடுக்கியால் ஒவ்வொரு பஞ்சாகப் பிரித்தோம். ஊசி கிடைத்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அன்று மாலையே டாக்டர் அதைத் திரும்பச் செருகி, விட்டுப்போன நேரத்துக்காக அவளுக்கு ஒரு நாள் கூட்டினார். என் முறை ஒரு நாள் தள்ளிப்போயிற்று. அப்போதும் பொறாமைப்பட்டேன்.

அவளுக்கு ஊசிகளை எடுத்த அன்று மன்னிப்புக் கேட்டேன். வீங்கிய வாயோடு சிரித்தாள்.

"எனுக்குத் தெரியும் கம்பவுண்டரம்மா. எங்கூட்டுக்காரர் கஞ்சி ஊட்டறப்போ உன் மூஞ்சியப் பாத்துகினுதானே இருந்தேன். அந்தக் கஞ்சில உப்பே கெடயாது, அதுக்குப் போயி வயிறெரிஞ்சியே!"

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் எனக்கு ஊசிகளைச் செருகியபின் என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

என் கட்டி இரண்டு மாதத்தில் கரைந்தது. மூன்று வருஷமாகத் திரும்பி வரவில்லை. கன்னியம்மாளுக்கும் அப்படியே.

போன தை மாதம் அவள் மகள் கல்யாணத்துக்கு அம்பத்தூர் போயிருந்தேன். மாலையும் கழுத்துமாக அந்தப் பெண்ணைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் மூண்டது. அந்த நோய் எனக்கு இன்னும் முழுவதும் தீரவில்லை. மேளச் சத்தத்துக்கு நடுவே அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது அது தணிந்திருந்தது.

சகோதரிகளே, உங்கள் ஜெபமும் பாதியில் நிற்கிறதா? யார் பெயரைச் சொல்ல மனமில்லையோ, அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். மனமில்லாமலே சொல்லுங்கள். எனக்கும் மனமில்லாமல்தான் இருந்தது. அவர் கேட்டார்.