வெள்ளம் கேறாத வண்டி

பழைய கார் விற்கிறவன் பொய் சொல்வான் என்று தெரிந்தேதான் எல்லோரும் வருகிறார்கள், அதனால் பொய் சொல்லாமலே ஏமாற்றக் கற்றுக்கொண்டவன்தான் இந்தத் தொழிலில் நிலைக்கிறான். அமரவிளையில் ஹைவே ஓரமாகப் பதினான்கு வருஷம் நிலைத்திருக்கிறேன் என்றால் மீதியை நீங்களே ஊகிக்கலாம். இதைப் படிக்கிறவர்களில் பாதிப்பேர் என்னைப்போல விற்றுவிட்டுத் திட்டு வாங்கியிருப்பீர்கள், மீதிப்பேர் வாங்கிவிட்டுத் திட்டியிருப்பீர்கள். எப்படிப் பார்த்தாலும் நாமெல்லாம் ஒரே வார்டில் கிடக்கிற நோயாளிகள்தான்.

இங்கே சொல்வதெல்லாம் ஒரே வண்டியைப் பற்றி. சாம்பல் நிற ஸ்டேஷன் வேகன். பின் சீட்டை மடக்கினால் ஒரு முழு சைக்கிள், சக்கரத்தைக் கழற்றாமலே, உள்ளே படுக்கும். அப்படி ஒரு வண்டி எங்கள் பக்கம் கிடைப்பது அபூர்வம். வடக்கே மழை கொட்டித் தீர்த்த ஒரு வருஷம் ஸ்டியரிங் மட்டத்துக்கு முங்கிக் கிடந்த வண்டி என்பதால் எனக்கு அடிமாட்டு விலைக்கு வந்தது. தொழிலில் இதற்கு 'வெள்ளம் கேறிய வண்டி' என்று பேர், கேறினது என்றால் ஏறினது. வீட்டில் எங்களுக்கு வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். குடிக்கிறதும் குளிக்கிறதும் அதுதான்.

சாம்பிராணி

முதலில் வந்தவர் தனுவச்சபுரத்துக்காரர், கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற சார். முட்டுவலிக்கு சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஹைவேயில் மிதித்தால் முட்டு மிஞ்சும், ஆள் மிஞ்சமாட்டார். அதனால் சைக்கிளை வண்டியில் போட்டுக்கொண்டு பூவார் பக்கம் போய் மிதிக்கலாம் என்று திட்டம்.

முங்கிய வண்டியை எத்தனை வெயிலில் போட்டாலும் தரைவிரிப்புக்கு அடியில் ஒரு சேற்று நாற்றம் நிற்கும். நான் முந்தின நாளும் அன்று காலையும் உள்ளே சாம்பிராணி போட்டிருந்தேன். சார் சைக்கிளை ஏற்றிப் பார்த்தார், திருப்தி. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். இறங்கி வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"வீட்டுல இப்படிப் புகை போட்டா பதினாறாம் நாளாக்கும்னு அர்த்தம். வண்டிக்குள்ள எதுக்கு மக்கா போட்டிருக்க?"

ஆறடி

அடுத்தவர் பாறசாலைக்காரர். நாற்பது வயதிருக்கும். சைக்கிள் வைக்க வண்டி வேண்டும் என்றார், ஆனால் சைக்கிள் கொண்டுவரவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு டிக்கி வழியாக ஏறி உள்ளே மல்லாந்து படுத்தார். டேப் பிடிக்கச் சொன்னார். தலையிலிருந்து கால்வரை பிடித்தேன். "அப்பனும் எனக்க நீளந்தான்" என்று படுத்தபடியே சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்பாவை வாரம் மூன்று நாள் படுக்கவைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்ல நாக்கு எழாமல் சைக்கிள் என்று சொல்லியிருக்கிறார்.

அவரிடம் நான் உண்மையைச் சொன்னேன். "இது வெள்ளப்பொக்கத்துல முங்கின வண்டியாக்கும். வழியில நிக்கும். சீக்காளிய நம்பி ஏத்தாதீங்க" என்று பச்சையாகவே சொன்னேன். வெள்ளப்பொக்கம் என்றால் குழப்பமே கிடையாது, ஊரை முக்கும் வெள்ளம் மட்டும்தான். யோசித்துவிட்டு வாறேன் என்று போனவர் நாலு நாள் கழித்து போன் செய்தார்:

"அண்ணே, வண்டி இனி வேண்டாம் கேட்டியளா. நீங்க பிடிச்ச அளவு பெட்டிக்கு உதவிச்சு."

ஸ்பானர்

அதற்கு மறுநாள் பூவாரிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா மரியதாஸ், கடலுக்குப் போகிறவர். மகள் ஜெனிபா பிளஸ் ஒன் படிக்கிறாள், சைக்கிள் பந்தயத்தில் ஜில்லாவில் ஜெயித்தவள். அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு விளையாட்டு ஹாஸ்டலுக்கு ஆள் எடுக்கிறார்கள். இந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். இதுவரை பந்தயத்துக்கெல்லாம் ஆட்டோவில்தான் போனார்கள். ஏறும்போது சக்கரத்தைக் கழற்றுவது, இறங்கிய இடத்தில் மாட்டுவது. ஒருதடவை நட்டைச் சரியாக முறுக்காமல் விழுந்த தழும்பு அவள் முழங்கையில் இருந்தது. இதற்கென்றே மரியதாஸ் இடுப்பில் ஒரு ஸ்பானர் செருகியிருந்தார்.

நான் பின் சீட்டை மடக்கி சைக்கிளை முழுசாக உள்ளே தள்ளினேன். ஹேண்டில் முன் சீட்டின் முதுகில் உரசி நின்றது. "இனி இந்த ஆயுதம் எதுக்கு? வீட்டுல போட்டிருங்க" என்று ஸ்பானரைக் காட்டிக் கேலி செய்தேன். அந்தப் பெண் சிரித்தது. அப்போது மரியதாஸ், "இது வெள்ளம் கேறினதா அண்ணே?" என்று கேட்டார்.

வெள்ளப்பொக்கம் என்ற வார்த்தை எனக்கு மறந்துபோகவில்லை. ஆனால் இந்த வேகன் யார்டை அடைத்துக்கொண்டு மாசக்கணக்காக நின்றது, எனக்கு அதைத் தலைமுழுகினால் போதும் என்றிருந்தது. "வெள்ளம் படாத வண்டி உண்டா? இண்ணைக்குக் காலம்பறயும் ரெண்டு பக்கெட் வெள்ளம் கோரி ஊத்தினேன்" என்றேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. மரியதாஸும் சிரித்துவிட்டார்:

"அது செரி. கழுவாத வண்டிய யாரு எடுப்பா?"

டிக்கி

ஒரு மாதம் கழித்து இருவரும் அதே வேகனில் வந்தார்கள். பின் கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தது. மரியதாஸின் வலது கையில் கட்டு. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே சொன்னார்.

கிரவுண்டுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். டிக்கியின் ஸ்விட்சை அமுக்கினால் டிக் என்ற சத்தம்கூட இல்லை. முங்கின வண்டியில் வயர் பச்சை பூத்து அற்றுப்போகும், அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். பக்கத்துக் கதவு வழியாக இழுத்துப் பார்த்தார்கள், சக்கரம் இருக்கிறவரை சைக்கிள் வராது. சக்கரத்தைக் கழற்ற ஸ்பானர் வேண்டும். ஸ்பானர் பூவாரில் வீட்டில் கிடந்தது. மரியதாஸ் அங்கே நின்ற ஒவ்வொரு வண்டியாக ஓடி ஸ்பானர் கேட்டிருக்கிறார். திரும்பி வந்து கல்லை எடுத்தபோது, "வேண்டாம் அப்பா, புது வண்டியில்லியா" என்று இரண்டு தடவை தடுத்தவள் ஜெனிபாதான். மைக்கில் அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். நாலாவதாக வேறு பெயர் வந்தது. அதன் பிறகுதான் அவர் கண்ணாடியை உடைத்தார்.

வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். ஜெனிபா முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டு ஹைவேயைப் பார்த்து நின்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. 'அன்றைக்கே சொன்னேனே' என்ற பதில் எப்போதும்போல வாயில் தயாராக இருந்தது, அன்று அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. மரியதாஸ் சாவியை மேஜைமேல் வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை:

"எனக்குச் சோறு போடுறது கடலாக்கும் அண்ணே. வெள்ளத்த வச்சு என்கிட்டயே வெளையாடிட்டியளே."

இப்போதெல்லாம் யார்டுக்கு வருகிறவர்கள் தாகத்துக்கு வெள்ளம் கேட்டாலும், குடிக்கத்தானே என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன்.