அம்மிணியின் அபிப்பிராயங்கள்

ஒரு போட்டி நடுவர், அவர் முன்னால் ஒரு மேசை, மேசைமேல் மதிப்பெண் தாள். அந்த மேசைக்கு மிக அருகில், அதை நோக்கித் திருப்பிய நிலையில், ஒரு சாம்பல் நிறப் பெண்குதிரையின் பின்புறம். குதிரை அசையாமல் நிற்கிறது. அதன்மேல் எங்கள் மாட்டாஸ்பத்திரி டாக்டர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நடுவருக்கு நேர் எதிர்த் திசையில் எங்கோ தொலைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சேலத்தில் அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்த குதிரைக் காட்சியை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது இந்தக் காட்சிதான். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை, விதிப்புத்தகத்தில் இதற்கு எந்தப் பிரிவு என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு பிரிவு இல்லை.

அப்போது நான் கால்நடைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். எந்த மனு எந்த மேசைக்குப் போய் எங்கே தூங்கும் என்பது எனக்கு மனப்பாடம். டாக்டர் என்னைவிடச் சில வயது மூத்தவர். சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். யுத்த காலத்தில் ராணுவத்தில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலைப் பூசை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வருவார். மனிதர்களிடம் அதிகம் பேசமாட்டார். மாடுகளிடமும் குதிரைகளிடமும் மரியாதையாகப் பேசுவார். கன்றுக்கு ஊசி போடும்போதுகூட “கொஞ்சம் பொறுத்துக்குங்க சாமி” என்பார். கன்று பொறுத்துக்கொண்டதில்லை.

அந்தக் குதிரை ஜட்கா வண்டியில் இருந்து வந்தது. கோட்டைப் பகுதியில் ஜட்கா ஓட்டிய ஒரு பாய், தோளில் புண்ணோடு அதைக் கொண்டுவந்தார். பட்டை உராய்ந்து உராய்ந்து எலும்பு தெரிகிற அளவுக்கு வந்திருந்தது. மாதக்கணக்கில் வண்டியில் பூட்டக் கூடாது என்றார் டாக்டர். “அத்தன நாள் கட்டிப்போட்டுத் தீனி போட எனக்கு வழியில்லீங்க டாக்டரய்யா, எனக்கும் பொழப்பு இருக்குதுங்க” என்றார் பாய். அதில் பொய் ஒன்றும் இல்லை. டாக்டர் அதை விலைக்கு வாங்கி, ஆஸ்பத்திரி வளாகத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சும்மா கிடந்த லாயத்தில் கட்டினார். நான் பெயர் கேட்டபோது, “அம்மிணின்னு கூப்டுக்கலாமுங்க” என்றார். புண் ஆறியது. அந்த இடத்தில் மட்டும் வெள்ளை முடி முளைத்தது. பிறகு டாக்டர் சேணம் போட்டார். அம்மிணிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. மற்ற பல விஷயங்களில் இருந்தது.

இடப்பக்கம் திரும்பச் சொன்னால் யோசித்துவிட்டுத் திரும்பும். வலப்பக்கம் சொல்வதற்கு முன்பே திரும்பும். கொள்ளு விற்கும் கடையைத் தாண்டிப் போவதை நேர விரயமாகக் கருதியது. மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையில் அனாவசியமாகக் கால் வைக்காது. இதையெல்லாம் நான் குறை என்பேன். “அதுக்கும் ஒரு நாயம் இருக்குமுங்க” என்பார் டாக்டர்.

வந்தது வினை, புதிய மேலதிகாரி உருவத்தில். அரசு வளாகத்தில் நோயுள்ள கால்நடையும் அரசின் கால்நடையும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது, தனியார் குதிரையை உடனே அகற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார். டாக்டர் குடியிருந்தது ஒரு சந்துக்குள், ஓர் அறை. குதிரை அங்கே நுழையவே முடியாது. தெரிந்தவர்களில் குதிரை கட்ட இடமுள்ளவர் பாய் ஒருவர்தான். பாயிடம் போனால் வண்டி. வண்டி என்றால் அதே பட்டை, அதே தோள். “இன்னொரு தடவ அந்தப் புண்ணு வந்தா ஆறாதுங்க” என்று மட்டும் டாக்டர் சொன்னார். அன்று மாலை அவர் லாயத்தைவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

வழி கண்டுபிடித்தது நான். வெள்ளைக்காரன் போகும்போது எடுத்துக்கொண்டு போக மறந்த விதிகள் எங்கள் அலுவலகத்தில் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்று, சுற்றுப்பயணம் செல்லும் அலுவலர், சவாரிக்கு ஏற்றது என்றும் கட்டளைக்கு அடங்கியது என்றும் தகுந்தவரிடம் சான்று பெற்ற குதிரையை அரசு லாயத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றது. அதை யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாததே காரணம். டாக்டர் தன் குதிரைக்குத் தானே சான்று தர முடியாது. ஆனால் அந்த வருடம் குதிரைக் காட்சி நடக்க இருந்தது. அதுவரை அந்த உத்தரவை என் மேசையில் தூங்க வைத்தேன். காட்சிக்கு நடுவர், ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஓய்வுபெற்ற மேஜர். அவர் கையெழுத்தை எந்த மேலதிகாரியும் மறுக்க முடியாது. காட்சியின் செயலாளர் வேலையும் விதி தெரிந்தவன் என்ற குற்றத்துக்காக என் தலையில்தான் கட்டப்பட்டிருந்தது.

போட்டி இரண்டு பகுதி. முதலாவது டிரெஸ்ஸாஜ். குதிரையும் மேலே இருப்பவரும் ஒருவரோடொருவர் பேசாமல் ஒத்துப்போவதைப் பிறருக்குக் காட்டும் கலை; மனிதத் தம்பதிகளுக்கு இதை வைத்தால் தேறுபவர்கள் குறைவு. மெல்லோட்டத்தில் உள்ளே வந்து, நடுவில் நின்று, நடுவருக்கு வணக்கம் செலுத்தி, அவர் பதில் வணக்கம் செய்ததும் வட்டங்களும் திருப்பங்களும் போட வேண்டும். வாயால் சத்தம் கொடுத்தால் மதிப்பெண் போகும். இரண்டாவது, தடை தாண்டுதல். இதில் சத்தம் கொடுக்கலாம், ஆனால் ஒரே சுற்றில் மூன்று முறை குதிரை மறுத்தால் மணி அடித்து வெளியேற்றிவிடுவார்கள்.

விடியற்காலைகளில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த வெறும் நிலத்தில் பழகினார்கள். நான் நாற்காலி போட்டு நடுவராக உட்கார்வேன். டாக்டர் கால்களால் கேட்பார். அம்மிணி காதுகளால் பதில் சொல்லும். ஒரு காது பின்னால் திரும்பினால் பரிசீலனையில் இருக்கிறது என்று பொருள், இரண்டும் மடங்கினால் நிராகரிப்பு. அவர் சாட்டையை எடுத்து நான் பார்த்ததில்லை. நிராகரித்தால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு மறுபடி கேட்பார். “மனு திரும்பி வந்தா நீங்க என்னங்க பண்ணுவீங்க? மறுபடி போடுவீங்கல்ல? அதேதானுங்க” என்றார் ஒரு நாள். அந்த ஒப்பீட்டில் நான் குதிரைக்கு மேலா கீழா என்று கேட்கவில்லை. ஆச்சரியம், பின்னடை. குதிரை பின்னோக்கி நேராக நடப்பது கடினமான பயிற்சி. போலீஸ் குதிரைகளே கோணிக்கொண்டு போகும். அம்மிணி நூல் பிடித்தாற்போலப் போகும். எங்கே கற்றது என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. தடைகளுக்குக் கரும்புச் சோகைக் கட்டுகளை அடுக்கினோம். அவற்றை அது அலட்சியமாகத் தாண்டியது.

காட்சியன்று காலை டாக்டர் வழக்கத்தைவிட முன்னதாக மாதா கோயிலுக்குப் போய்வந்திருந்தார். அம்மிணி உள்ளே வந்த விதத்தைப் பார்த்து மேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவில் வந்து நான்கு கால்களும் சமமாக நின்றது. டாக்டர் கையைத் தாழ்த்தித் தலை குனிந்தார். மேஜர் பதிலுக்குக் கையை உயர்த்தினார்.

அம்மிணி உடனே புறப்பட்டது. நேராக மேசைக்கு வந்து, அரைவட்டமாகத் திரும்பி, மேசையை நோக்கிப் பின்னால் நடந்து, மிகச் சரியான இடத்தில் நின்றது. டாக்டர் கடிவாளத்தில் கேட்டுப் பார்த்தார். கேட்டதற்குப் பதில் இல்லை. அது காத்துக்கொண்டிருந்தது.

கயிற்றுக்கு வெளியே நின்ற போலீஸ் சார்ஜென்ட் ஒருவர், “டாக்டர், ஜங்ஷன் போக எவ்வளவு கேக்கறீங்க?” என்று கத்தினார். அப்போதுதான் கூட்டத்துக்குப் புரிந்தது. எனக்குப் புரிய வைத்தவர், காட்சி பார்க்க வந்து என் பக்கத்தில் நின்ற பாய். “கோஷாப் பொம்பளைங்க சவாரிதானுங்க நமக்கு. தெருவுல கால் வைக்காம வாசப்படியிலிருந்து நேரா வண்டிக்குள்ள ஏறணும். கை காட்டுனா திரும்பிப் பின்னால போயி படியோட ஒட்டி நிக்கும். நான் பழக்குனதுங்க” என்றார். குரலில் பெருமை இருந்தது. மேஜரைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்து, “கை காட்டிட்டு ஏறாம இருந்தா என்னங்க நாயம்?” என்றும் கேட்டார். பயிற்சியில் இது ஏன் வெளிப்படவில்லை என்றால், அங்கே நடுவராக இருந்த என் இரண்டு கைகளிலும் விதிப்புத்தகம் இருந்தது. நான் தலையைத்தான் அசைத்தேன்.

மேஜர் கடைசியில் கையைக் கீழே போட்டு, மேசையைத் தானே இரண்டடி பின்னால் நகர்த்திக்கொண்டார். வாடிக்கையாளர் விலகிவிட்டார் என்று அம்மிணி முடிவு செய்து நடுவுக்குத் திரும்பியது. மீதிப் பயிற்சிகளைக் குறை சொல்ல முடியாதபடி முடித்தது. தடை தாண்டுதலில் சுத்தமாகப் போனால் சான்று இன்னமும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

மாலையில் தொடக்க மணியை நான் அடித்தேன். சுறுசுறுப்பாகக் கிளம்பியது. முதல் தடை, சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட குறுக்குக் கழி. அதன்முன் வந்து நின்றுவிட்டது. திமிறவில்லை, மிரளவில்லை, ஒழுங்காக நின்றது. டாக்டர் சுற்றி வந்து மறுபடி கேட்டார். மறுபடி நின்றது. “போலாமுங்க அம்மிணி, போலாமுங்க” என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் குரல் அப்படி நடுங்கி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. மூன்றாவது முறையும் அது கழியை முகர்ந்து பார்த்து நின்றது. பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “கேட்டுங்க. ரயில்வே கேட்டுன்னு நெனச்சுக்கிச்சு. மூடியிருந்தா நிக்கணும்னு சொல்லி வச்சிருக்கேனுங்க.”

நான் மணியை அடித்தேன். விதி அது. வெளியேற்றத்துக்கான மணி.

பாய் ஓட்டிய பாதையில் இருந்த கேட்டில், ரயில் போன பிறகு, திறப்பதற்கு முன் மணி அடிப்பார்களாம். அம்மிணி மணியைக் கேட்டது, காதுகளை முன்னால் நீட்டியது, நின்ற இடத்திலிருந்தே சில எட்டுகள் பின்வாங்கிப் பாய்ந்தது. முதல் கழி, அடுத்த கழி, செங்கல் சுவர்போல வர்ணம் அடித்த பெட்டி, தண்ணீர்த் தொட்டி, எல்லாவற்றையும் குளம்புகூடப் படாமல் தாண்டியது. அன்று அந்த மைதானத்தில் அதுதான் மிகச் சிறந்த சுற்று. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதிகாரபூர்வமாக அப்போது அந்தக் குதிரை மைதானத்தில் இல்லை.

மேஜர் நேர்மையான மனிதர். சான்றைத் தன் கையாலேயே எழுதினார்: இக்குதிரைக்குத் துணிவும் ஒழுங்கும் உண்டு. ஆனால் சவாரி செய்பவரின் கட்டளையைவிடத் தன் அறிவையே நம்புகிறது. இரண்டாவது வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடும்படி கேட்டுப் பார்க்கலாம் என்றேன் டாக்டரிடம்.

“வேணாமுங்க. அம்மிணியப் பத்தி இத்தன சரியா இதுவரைக்கும் யாரும் எழுதுனதில்ல” என்றார்.

மேலதிகாரி அந்த வாக்கியத்தின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டு நிராகரித்தார். அந்த வாரமே பாய் கயிற்றோடு வந்தார். “வண்டியில பூட்டித்தான் ஆகணுமுங்க, மறைச்சுப் பேச மாட்டேன்” என்றார். டாக்டர் அம்மிணியின் தோளில் வெள்ளை முடி இருந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பாயைத் திருப்பி அனுப்பிவிட்டு என் மேசைக்கு வந்தார். மல்லசமுத்திரத்து மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் இடம் காலியாக இருந்தது. சேலத்தை விட்டுப் போக யாருக்கும் மனம் வராததால் நெடுநாளாகக் காலி. அங்கே ஆஸ்பத்திரி ஒரு விவசாயியின் வாடகைக் கட்டடத்தில் நடந்தது; பின்னாலேயே அவருடைய மாட்டுக்கொட்டகை. அரசு வளாகம் அல்லாததால் எங்கள் விதி அங்கே செல்லாது. இதை நான் சொல்வதற்கு முன்பே அவர் தெரிந்துவைத்திருந்தார்.

மாவட்டத் தலைநகரத்திலிருந்து தானாகக் கேட்டு வெளியேறியவரைப் பார்த்து அலுவலகமே கைகொட்டிச் சிரித்தது. மற்றவர்கள் பஸ்ஸில் போய்ச் சேரும் பணியிடத்துக்கு அவர் குதிரையில் போனார். பயணப்படிக் கோரிக்கையில், ஊர்தி என்ற இடத்தில், சொந்தக் குதிரை என்று எழுதியிருந்தார். அதற்கும் ஒரு விதி இருந்தது. நான் பாஸ் செய்தேன்.

பிறகு கேள்விப்பட்டதெல்லாம் நல்ல செய்திதான். அந்தப் பக்கத்தில் டாக்டரைப் பார்த்ததும் குடியானவர்கள் வரப்பிலிருந்து கையைத் தூக்கிக் கும்பிடுவார்கள். கை தூக்கியவரிடமெல்லாம் அம்மிணி திரும்பி நின்று காத்திருக்கும். நின்றது நின்றபடி டாக்டரும் இறங்கி, “மாடு கன்னு நல்லா இருக்குதுங்களா?” என்று கேட்பார். கேட்டால் ஏதாவது ஒன்றுக்கு நோய் இருக்கத்தானே செய்யும். அவர் பார்த்த அளவு கால்நடைகளைத் தலைமையிடத்தில் இருந்த யாரும் பார்த்திருக்க முடியாது.

இப்போது சேலத்தில் அந்த லாயம் இல்லை. அந்த இடத்தில் ஊழியர்களின் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. சொந்த வண்டிதானே என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. நானும் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. பணிக்காலத்தில் நான் எழுதிய குறிப்புகளில் எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்.

மல்லசமுத்திரம் போன சில ஆண்டுகளில் டாக்டருக்குப் பதவி உயர்வு வந்தது. சேலத்தில் பணி, அரசுக் குடியிருப்பு, சுற்றுப்பயணத்துக்கு ஜீப். பதில் வராததால் என்னை நேரில் அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கொட்டகையில் அம்மிணிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“அந்த உத்தரவு இன்னமும் இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

அவர் குதிரையின் பக்கம் திரும்பி, “அம்மிணி, நமக்குச் சேலம் வேணுமுங்களா?” என்றார். அம்மிணி கொள்ளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பாத்துக்கிட்டீங்கல்ல?” என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதவி உயர்வை மறுப்பவர் காரணம் சொல்ல வேண்டும். அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்து, அலுவலகக் குறிப்பில் நான் எழுதினேன்: குடும்பக் காரணங்களை முன்னிட்டு. மேலதிகாரி படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

“அவருக்குக் கல்யாணமே ஆகலையேய்யா?”

“விதியில கல்யாணம்னு இல்லீங்க. குடும்பம்னுதான் இருக்குது” என்றேன்.

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.