காற்று கொண்டுபோன புல்

கணவரின் அண்ணன் முன்னால் தம்பி பெண்டாட்டி நின்று பேசக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூத்தார் வாசலுக்கு வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். எனக்குச் சொல்ல வேண்டியதை அவர் என் வீட்டுக்காரரிடம் சொல்வார். நான் என் பதிலை மாட்டைத் திட்டுகிற சாக்கில் சொல்வேன். அவருக்கு நன்றாகவே காது கேட்கும்.

நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே எங்கள் காடுதோட்டம். எழுபதுகளின் தொடக்கத்தில் நிலச்சட்டம் வந்த பயத்தில் வீட்டுக்கு வீடு பாகம் பிரித்துக்கொண்டார்கள். வாய்க்கால் பாயும் வயலை மூத்தார் எடுத்துக்கொண்டு, புல்லைத் தவிர எதுவும் உருப்படாத மேட்டுக்காட்டை எங்கள் தலையில் கட்டினார். என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வயல் இல்லையென்றால் வைக்கோல் இல்லை. என் அப்பா கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கமிருந்து எனக்கென்று ஓட்டி அனுப்பிய பசு அப்போது சினையாக இருந்தது. கோடையில் அதற்கு என்ன போடுவது? மூத்தாரே வழி சொல்லி அனுப்பினார். பசுவை அவருடைய கட்டுத்தறிக் கொட்டகையில் கட்டிவிடலாமாம். வைக்கோல் அவருடையது, ஆகவே பாலும் கன்றும் அவருடையது. செத்தாலும் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

சினை பார்க்க மிருகாசுபத்திரிக்கு ஓட்டிப் போனபோது அங்கிருந்த கம்பவுண்டரிடம் இதையெல்லாம் புலம்பினேன். மேட்டுக்காட்டில்தான் புல் இருக்கிறதே, பூ எடுக்கும்போது அறுத்துக் காயவைத்துப் போர் போடுங்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னார். எங்கள் ஊரில் யாரும் செய்யாத வேலை அது. வைக்கோல் மலிந்த ஊரில் புல்லை எவன் காயவைப்பான்? அறுத்த புல்லை அன்றே மாட்டுக்குப் போடுவோம், அவ்வளவுதான் தெரியும்.

அவசரக்குடுக்கையாக ஐப்பசியிலேயே அறுத்தேன். காய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. புல் கறுத்துப்போய் ஆடுகூட மோந்து பார்க்காத நாற்றம் அடித்தது. நான் புதுமாதிரி குப்பைமேடு போடுகிறேன் என்று மூத்தாரின் பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

கார்த்திகையில் மழை விட்டுக் கீழ்க்காற்று தொடங்கியது. முழங்காலுக்கு நின்ற கொழுக்கட்டைப் புல் பூ எடுத்திருந்தது. பனி காய்ந்ததும் நானும் வீட்டுக்காரரும் அறுத்துப் பரப்பினோம். கவைக்கோலால் புரட்டிப் புரட்டிப் போட்டோம். மறுநாள் சாயங்காலத்துக்குள் புல் பச்சை மாறாமல் சலசலவென்று காய்ந்துவிட்டது. அந்த வாசனைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் போர் போட்டுக்கொள்ளலாம் என்று பரப்பியபடியே விட்டுவிட்டு வந்து படுத்தேன்.

வைக்கோல் கட்டாகக் கட்டிக் களத்துக்கு வருவதையே பார்த்துப் பழகிய எனக்குக் காற்றின் நினைப்பே வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் காடு பெருக்கிவிட்டதுபோலக் கிடந்தது. புல் முழுக்கக் கிளுவை வேலியைத் தாண்டி மூத்தாரின் வரப்போரம் ஒதுங்கியிருந்தது. அவரும் பெண்டாட்டியும் அதை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் வேலிக்குப் பின்னால் நிற்பது தெரிந்தே மூத்தார் குரலை உயர்த்தினார்.

"தம்பி, எங்க காட்டுல வந்து உளுந்தது எங்களுது. ஊட்ல சொல்லிப் போடு."

பகல்கொள்ளை அடிக்கிற கையில் கட்டி முளைக்கட்டும் என்று பக்கத்தில் கட்டியிருந்த என் பசுவைப் பார்த்துக் கத்தினேன். அது மிரண்டு முளைக்குச்சியைச் சுற்றியது.

மிச்சம் நின்ற புல்லை அதன்பின் அறுத்துக் காயவைத்து, பொழுது சாயுமுன்னே சிறு குவியலாகக் கூட்டி, மேலே பனைமட்டை பாரம் வைத்தேன். முதலில் போட்ட போருக்குள் கையை விட்டபோது சோற்றுப்பானைபோலச் சுட்டது. ஈரம் போகவில்லை என்று புரிந்து, எல்லாவற்றையும் பிரித்து உலர்த்தி மறுபடி போட்டேன். தை மாதம் ஒரு போர் நின்றது. ஆனால் கோடை முழுவதற்கும் அது காணாது. காணாமல்போன பங்கு மூத்தாரின் எருதுகளின் வயிற்றில் இருந்தது.

பங்குனியில் கையளவு கையளவாகப் போட்டேன். வயிறு பெருத்த பசுவுக்கு விலா எலும்பு தெரிந்தது. அண்ணனிடமே விட்டுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை.

பிறகு ஒருநாள் கோடைமழை கொட்டியது. மறுநாள் விடிந்ததும் ஊரே உழவுக்குக் கிளம்பியது. என் வீட்டுக்காரர் ஏர்க்கொழு அடிக்கச் சித்தூருக்குப் போயிருந்தார். போர்ப்பக்கம் சத்தம் கேட்டு ஓடினேன். மூத்தாரின் எருது ஒன்று வேலியை முறித்துக்கொண்டு வந்து என் போரில் வாயை வைத்து நின்றது. கார்த்திகையில் தின்ற ருசி அதற்கு மறக்கவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்து வந்து எங்கள் முளையில் கட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் மூத்தார் வந்தார். படலுக்கு வெளியே நின்று தம்பி, தம்பி என்று கூப்பிட்டார். தம்பி இல்லை. எருதைப் பார்த்தார், பனைமரத்தைப் பார்த்தார். அவருக்கும் எனக்கும் நடுவில் பேச ஆளில்லை. நான் கட்டுத்தறியிலிருந்து வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன். உள்ளே போகவில்லை.

"எங்க காட்டுக்கு வந்தது எங்களுதுங்க," என்றேன்.

மரியாதையைக் குறைக்கவில்லை. 'ங்க' போட்டுத்தான் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. சுற்றிலும் ஏர் ஓட்டுகிற சத்தம் கேட்டது. வெயில் ஏறினால் ஈரம் போய்விடும். ஒற்றை எருதை வைத்துக்கொண்டு உழ முடியாது.

"என்ன வேணும்?" என்று என்னைப் பார்த்தே கேட்டார்.

"காத்து கொண்டு போனதுக்கு வைக்கோலுங்க. கன்னுப் போடற வரைக்கும் காணோணும்."

ஜோடி இல்லாமல் வண்டி பூட்ட முடியாதே. தலையில்தான் சுமந்து வந்தார். ஏர் ஓட்டுகிறவர்கள் நின்று பார்க்கப் பார்க்க, கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டார். காய்ந்த புல்லுக்குப் பழகிய என் பசு அந்த வைக்கோலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

"பசிச்சாத் திங்கும்," என்றார், அதையும் என்னிடமே.

எருதை அவிழ்த்துவிட்டேன். சாயங்காலம் பசு அந்த வைக்கோலைத் தின்றது. சித்திரையில் என் கட்டுத்தறியிலேயே கிடாரிக்கன்று போட்டது. கன்றைப் பார்க்க மூத்தார் வரவில்லை, நானும் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் முறிந்த வேலியை யார் அடைப்பது என்று அடுத்த வாரமே தகராறு வந்தது. அப்போது என் வீட்டுக்காரரை இரண்டு பேருமே தேடவில்லை. நேருக்கு நேர் நின்றே சண்டை போட்டோம்.